மூலை வெடிப்பும் ஒரு ரூபாய்க் காசும்

(பாட்காஸ்ட் அத்தியாயத்தின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்கள் சுருக்கப்பட்டுள்ளன.)

போன அத்தியாயத்துக்கு வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே விஷயம்தான். "சுவர் மூலையில கோடு மாதிரி விரிசல் வருது. பட்டி போட்டு பெயின்ட் அடிச்சா மூணு மாசத்துல திரும்பவும் வருது. என்னதான் பண்றது?" போட்டோ எல்லாம் அனுப்பியிருந்தீங்க. ஒருத்தர் விரிசல் மேலே ஸ்டிக்கர் செடி ஒட்டி, அதையும் போட்டோ எடுத்து அனுப்பியிருந்தார். நல்லாத்தான் இருந்தது.

இதற்கு ஐந்து நிமிஷத்தில் பதில் சொல்லிடலாம். சொல்லவும் போறேன். ஆனால் அந்த ஐந்து நிமிஷப் பதிலை எங்க அம்மா வீட்டில் போய்ச் செய்து நான் ஒரு தப்பு பண்ணினேன். அதையும் சேர்த்துச் சொன்னால்தான் உங்களுக்கு உபயோகம்.

முதலில் உங்க போட்டோக்கள். நான் சென்னையில் இன்டீரியர் வேலையில் சைட் பார்க்கிறவள் என்பது பழைய நேயர்களுக்குத் தெரியும். நீங்கள் அனுப்பியதில் முக்கால்வாசி ஜிப்சம் போர்டு. ஹாலைப் பிரித்துப் போட்ட தடுப்பு, டிவிக்குப் பின்னால் வரும் சுவர், பால்ஸ் சீலிங் எல்லாம் இந்த வகைதான். விரல் முட்டியால் தட்டிப் பாருங்க. டப்பாவைத் தட்டுகிற மாதிரி சத்தம் வந்தால் அது போர்டு. தகரச் சட்டம் அடித்து, அதன்மேல் ஸ்க்ரூ போட்டு மாட்டிய பலகை. நடுவில் ஜிப்சம், இரண்டு பக்கமும் காகிதம். பெரும்பாலும் பன்னிரண்டரை மில்லிமீட்டர் கனம் இருக்கும்.

இரண்டு பலகை மூலையில் சந்திக்கிற இடத்தில் அவை ஒன்றோடொன்று ஒட்டியிருக்காது. நடுவில் சந்து இருக்கும். அந்தச் சந்தில் வெறும் மாவை அடைத்து மேலே பெயின்ட் அடித்தால், கதவை இரண்டு தடவை ஓங்கிச் சாத்தினாலே கோடு விழும். மாவுக்கு இழுவையைத் தாங்கும் சக்தி கிடையாது. அதைத் தாங்குவது காகித டேப். அவசரத்தில் வேலையை முடித்துக் கொடுக்கிறவர்கள் விடுகிற முதல் பொருளும் அந்த டேப்தான்.

சரி செய்யும் முறை இதுதான். தளர்ந்துபோன பழைய மாவையும் டேப்பையும் கத்தியால் கீறி எடுத்துடுங்க. பலகையை அழுத்திப் பாருங்க. ஆடினால் முதலில் ஸ்க்ரூவை முறுக்கணும், இல்லையென்றால் பக்கத்தில் புது ஸ்க்ரூ போடணும். ஆடுகிற பலகைமேல் எதைப் பூசினாலும் வீண். பிறகு ஜாயின்டிங் காம்பவுண்டை மூலையின் இரண்டு பக்கமும் மெல்லிசாகப் பூசி, காகித டேப்பை நடுவில் மடித்து மூலைக்குள் வைத்து, பட்டித் தகட்டால் இழுத்து உள்ளே இருக்கும் காற்றை வெளியேற்றணும். காய விடுங்க. மறுநாள் ஒரு பக்கம் மட்டும் இரண்டாவது பூச்சு. அடுத்த நாள் மற்றப் பக்கம். ஒரே நாளில் இரண்டு பக்கமும் இழுத்தால் தகட்டின் முனை போட்டதையே கீறும். கடைசிப் பூச்சை ஆறேழு அங்குலம் அகலமாக விரித்துக் கரைய விட்டால்தான் மேடு தெரியாது. உப்புத்தாள், பிரைமர், பெயின்ட். அவ்வளவுதான். வெளிப்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் மூலை என்றால் உள்ளே ஒரு உலோகப் பட்டை இருக்கும். சோபா இடித்து அது வளைந்திருந்தால் நிமிர்த்த முயற்சி பண்ணாதீங்க. எடுத்துட்டு புதுசு போடுங்க.

ஐந்து நிமிஷம் முடிந்தது. இனி வெம்பக்கோட்டை.

எங்க ஊர் வெம்பக்கோட்டைக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். சிவகாசியில் பஸ் ஏறினால் வழியெல்லாம் பட்டாசு ஆலைகள். ஒன்றுக்கொன்று இடைவெளி விட்டுத் தனித்தனியாக நிற்கும் சின்னச் சின்ன அறைகள், சுற்றி வேலி, வேலிக்குள்ளே வேப்ப மரம். அம்மா இருபது வருஷத்துக்கு மேல் அங்கேதான் வேலை பார்த்தாங்க. சரம் பின்னுகிற வேலை. எத்தனை பின்னுகிறோமோ அத்தனைக்குக் கூலி. 2018-ல் உச்ச நீதிமன்றம் சரவெடிக்குத் தடை போட்ட பிறகு அந்த வேலை போய், பேக்கிங்குக்கு மாறினாங்க. அந்தக் கூலியிலும் சீட்டுப் பணத்திலும் 2009-ல் அப்பாவும் அம்மாவும் கட்டினது எங்க வீடு. 2016-ல் பின்னாடி ஒரு ரூமும், அதை ஒட்டி ஒரு பாத்ரூமும் சேர்த்தாங்க. அப்பா இப்போ இல்லை. அம்மா மட்டும்தான்.

2021 பிப்ரவரி 12. அச்சங்குளம் விபத்து. மத்தியானம். அன்னைக்கு அம்மா வேலைக்குப் போகலை, வீட்டில் இருந்தாங்க. சத்தம் எந்த ஆலை, யார் யார் உள்ளே என்று தெரிகிறவரைக்கும் எங்க ஊரே வாசலில் நின்றது. சாயங்காலம் விளக்குப் போடும்போதுதான் அம்மா பார்த்திருக்காங்க. பழைய வீடும் பின் ரூமும் சேருகிற மூலையில், மேலிருந்து கீழே, தலைமுடி மாதிரி ஒரு கீறல்.

அதுக்கப்புறம் அந்த ரூமில் அவங்க படுக்கிறதே இல்லை. முழங்கால் வலி வேற. ராத்திரி பாத்ரூம் போக பின் ரூம்தான் வசதி. இருந்தாலும் ஹாலில், கதவுப் பக்கமாகத் தலை வைத்துத்தான் தூங்குவாங்க. போனில் கேட்டால், "அந்த ரூமு எப்ப உக்காருமோ தெரியலம்மா" என்பாங்க. எங்க ஊரில் வெடி என்றால் தொழில், வெடிப்பு என்றால் சுவர். அம்மாவுக்கு இரண்டும் ஒன்றாகவே ஆகிவிட்டது.

2023 பொங்கலுக்குப் போனேன். வீட்டுக்கு வெள்ளையடிக்கணும். மூன்று வருஷமாக இந்த வேலையே பார்க்கிறவள் நான். ஒரு மூலைக் கீறல் எனக்குப் பெரிய விஷயமா? சென்னையில் சைட்டில் மிச்சம் கிடந்த ஜாயின்டிங் காம்பவுண்ட், டேப், நல்ல பிரைமர் எல்லாம் பையில் எடுத்துக்கொண்டு போனேன். சுவரைப் பார்த்தால் கீறல் ரொம்ப மெல்லிசு. பக்கத்தில் பென்சிலில் குட்டிக் குட்டியாக ஏதோ கோடுகள், எண்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் கிறுக்கியிருக்கும் என்று நினைத்தேன். உப்புத்தாள் வைத்துத் தேய்த்து, டேப் ஒட்டி, மூன்று பூச்சு இழுத்து, ஐவரி கலர் அடித்தேன். கை வைத்துத் தடவினாலும் எங்கே விரிசல் இருந்தது என்று சொல்ல முடியாது. போட்டோ எடுத்து ஆபீஸ் குரூப்பில்கூடப் போட்டேன். அம்மா பார்த்தாங்க. "நல்லாருக்கு" என்றாங்க. அன்னைக்கும் ஹாலில்தான் படுத்தாங்க.

மே மாதம் போன் வந்தது. "திரும்ப வந்துருச்சும்மா."

திரும்ப வந்தது என்றால் சும்மா வரலை. நான் ஒட்டிய டேப்பையே நீளவாக்கில் கிழித்துக்கொண்டு வந்திருக்கிறது. கீழே பாத்ரூம் ஓரமாக இருந்த ஒரு முழம் உயரத்துக்கு ஈரம் ஏறி, காம்பவுண்ட் ஊறி, பெயின்ட் கொப்பளம் விட்டு, உப்புப் பூத்துக் கிடந்தது. இங்கே ஒரு விஷயம் குறித்து வச்சுக்கோங்க. ஜிப்சத்துக்கும் தண்ணீருக்கும் ஆகாது. போர்டுக்குச் செய்த மாவை, தரையிலிருந்து ஈரம் ஏறுகிற செங்கல் சுவரில் பூசினது என் முதல் தப்பு.

இரண்டாவது தப்பு ஊருக்குப் போன பிறகுதான் தெரிந்தது. ஜூன் மாதம் போனேன். எங்க வீட்டைக் கட்டிய கொத்தனார் அண்ணாச்சியைக் கூப்பிட்டிருந்தோம். வயசு அறுபதுக்கு மேல். வந்தார். சுவரைத் தட்டினார். வெளியே போய் வீட்டை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். அப்புறம் என்னைப் பார்த்துக் கேட்டார், "தாயி, அடைக்கிறதுக்கு முன்னாடி வெடிப்புக்கு உசிரு இருக்கா, செத்துப்போச்சானு பாத்தியா?"

எனக்குப் புரியலை. அவரே சொன்னார். ஒருநாள் வந்து அத்தோடு நின்றுபோன வெடிப்பு செத்த வெடிப்பு. அதை எதை வைத்து அடைத்தாலும் இருக்கும். இன்னும் திறந்து மூடிக்கொண்டு இருந்தால் அது உயிருள்ள வெடிப்பு. அதை இறுக்கி அடைத்தால், அடைத்ததைக் கிழிக்கும். இல்லையென்றால் பக்கத்தில் புதுசா ஒன்று விடும். "எத்தன நாளா இருக்கு? வெயில்ல பெருசாகுதா, மழையில பெருசாகுதா? இது தெரியாம கரணையத் தொடக் கூடாது."

நான் முழித்தேன். அப்போதுதான் அம்மா சொன்னாங்க. "நான் கோடு போட்டு தேதி எழுதி வச்சிருந்தேன்ல. அதத்தான் நீ பொங்கலுக்குத் தேச்சுட்டியே."

அந்தப் பென்சில் கோடுகள். கீறலின் நுனி எதுவரைக்கும் வந்திருக்கிறது என்று இரண்டு வருஷமாக அம்மா குறித்து வைத்திருந்தது. கட்டிட இன்ஜினியர்கள் இதைத்தான் செய்வாங்க. நுனியில் கோடு, பக்கத்தில் தேதி. யாரும் சொல்லிக் கொடுக்காமல், அந்த ரூம் விழுமா விழாதா என்ற ஒரே கேள்விக்காக அம்மா செய்திருக்காங்க. நான் நல்ல நம்பர் உப்புத்தாள் போட்டு அதை அழித்து, அதுமேல் ஐவரி அடித்திருக்கிறேன். "அப்பவே சொல்லியிருக்கலாம்ல?" என்று கேட்டேன். "நீ படிச்சு வேல பாக்குற பிள்ள, தெரிஞ்சுதான் செய்றன்னு நெனச்சேன்" என்றாங்க. அதுக்கு என்ன பதில் சொல்றது? இப்போதும் என்னிடம் பதில் இல்லை.

நல்லவேளை, எங்க ஊர்ப் பக்கம் காலண்டருக்குப் பஞ்சம் இல்லை. நாட்டுக்கே காலண்டர் அச்சடிக்கிற ஊர் சிவகாசி. வீட்டுக்கு மூன்று நான்கு தொங்கும். அம்மா பால் கணக்கு, சிலிண்டர் வந்த தேதி, சீட்டுக் கட்டிய தேதி எல்லாம் மாதக் காலண்டரில்தான் எழுதுவாங்க. வருஷம் முடிந்தாலும் தூக்கிப் போட மாட்டாங்க, கணக்கு இருக்கே. டிரங்குப் பெட்டியிலிருந்து மூன்று வருஷக் காலண்டரை எடுத்து வந்து கட்டிலில் போட்டாங்க.

2021 பிப்ரவரி 12 கட்டத்துக்குள்: "சத்தம். மூலையில் கீறல்." மே மாதம் ஒரு கட்டத்தில்: "ரூவா போகுது." டிசம்பரில்: "ரூவா போகல." 2022 ஜூனில் மறுபடியும்: "ரூவா போகுது." டிசம்பரில்: "போகல." அம்மா மாதத்துக்கு ஒருதரம் ஒரு ரூபாய்க் காசை எடுத்துக் கீறலில் செருகிப் பார்த்திருக்காங்க. ஒரு ரூபாய்க் காசின் கனம் சுமார் ஒன்றரை மில்லிமீட்டர்.

அண்ணாச்சி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எல்லாத் தாளையும் புரட்டினார். சிரித்துவிட்டார். "இதவிட வேறென்ன வேணும்? கோடையில தொறக்குது, மழையில மூடுது. இது வெடி போட்ட வெடிப்பு இல்ல மதினி. கரிசல் போட்ட வெடிப்பு."

அதை அவர் விளக்கினது இப்படி. எங்க பக்கம் மண் கரிசல். பக்கத்தில் விஜயகரிசல்குளம் என்று ஓர் ஊர் இருக்கிறது. 2022-ல் தொல்லியல் துறை அகழாய்வு தொடங்கிய இடம். சங்கு வளையல், கண்ணாடி மணி எல்லாம் கிடைத்தது என்று செய்தியில் பார்த்திருப்பீங்க. ஊர்ப் பேரிலேயே கரிசல். இந்த மண்ணில் இருக்கும் களி தண்ணீர் குடித்தால் உப்பும், காய்ந்தால் சுருங்கும். சித்திரை, வைகாசியில் எங்க காட்டில் நடந்தால் கால் மாட்டுகிற அளவுக்குப் பாளம் பாளமாக வெடித்திருக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் அதெல்லாம் மூடிவிடும். "ஒங்க வீடும் அந்தக் காட்டு மேலதான நிக்குது?" என்றார்.

பழைய வீட்டுக்கு வானம் நாலடிக்குமேல் தோண்டியிருக்கிறது. பின் ரூமுக்குக் கையில் இருந்த காசுக்குத் தகுந்த மாதிரி இரண்டரை அடி. இரண்டு சுவரையும் செங்கல் கோர்க்காமல், ஒட்டி நிறுத்தி, மேலே பூசி மூடியிருக்கிறார்கள். "நான்தான் கட்டுனேன், எனக்குத் தெரியாதா" என்று அவரே ஒத்துக்கொண்டார். பின் ரூமின் ஒரு மூலையில் வேப்ப மரம், கோடையில் அந்தப் பக்கத்து மண்ணின் ஈரத்தையெல்லாம் உறிஞ்சுகிறது. இன்னொரு பக்கம் துணி துவைக்கிற தண்ணீரும் பாத்ரூம் தண்ணீரும் சுவரின் காலடியிலேயே விழுகிறது. ஒரு பக்கம் மண் காய்ந்து இறங்குகிறது, ஒரு பக்கம் ஊறி உப்புகிறது. ஆழமாக நிற்கும் பழைய வீடு அதிகம் அசையவில்லை. ஆழமில்லாத பின் ரூம் வருஷத்துக்கு ஒருதரம் மூச்சு விடுகிற மாதிரி ஏறி இறங்குகிறது. இரண்டும் சேருகிற மூலை கிழிகிறது.

அப்படியென்றால் அன்னைக்கு வந்த சத்தம்? அதுக்கும் சம்பந்தம் இருக்கலாம் என்றுதான் நான் நினைக்கிறேன். பெரிய வெடிவிபத்தின் அதிர்வில் ஜன்னல் கண்ணாடி உடையும், பூச்சு கீறும், அதெல்லாம் நடக்கிறதுதான். ஏற்கெனவே இறுக்கமாக இருந்த மூலை அன்னைக்கு முதல் கோட்டைக் காட்டியிருக்கலாம். ஆனால் வருஷா வருஷம் காசு நுழையிற அளவுக்குத் திறந்து மூடுவது அந்த ஒருநாள் அதிர்வின் வேலை இல்லை.

இதில் நான் கவனிக்காமல் விட்ட இன்னொன்று. எங்க ஊரில் எல்லாரும் வீட்டு வேலை பார்ப்பது தீபாவளி முடிந்து, ஆலை லீவில், போனஸ் கையில் இருக்கும்போது. அல்லது பொங்கலுக்கு. அதாவது மழை முடிந்து மண் உப்பி, வெடிப்பு மூடிக் கிடக்கிற மாதங்களில். நானும் அதைத்தான் செய்தேன். கீறல் மெல்லிசாகத் தெரிந்ததுக்குக் காரணம் அது சின்னது என்பதில்லை, அது மூடியிருந்த மாதம். மே மாதம் அது திறக்கும்போது, ஜனவரியில் போட்ட எல்லாம் கிழியும்.

அம்மா எதையும் சட்டை பண்ணாமல் ஒரே கேள்விதான் கேட்டாங்க. "ரூமு விழுமா, விழாதா?"

அண்ணாச்சி உடனே "விழாது" என்று சொல்லலை. அது எனக்குப் பிடித்தது. தூக்குக்குண்டு விட்டு சுவர் சாய்ந்திருக்கிறதா பார்த்தார். கான்கிரீட் கூரைக்குக் கீழே விரிசல் இருக்கிறதா, கதவு நிலை இறுகியிருக்கிறதா, உள்ளே இருக்கும் கோடு வெளிச்சுவரிலும் தெரிகிறதா என்று பார்த்தார். விருதுநகரிலிருந்து ஒரு இன்ஜினியரையும் கூட்டி வந்து காட்டினோம். சுவர் தூக்கு நேராக இருக்கிறது, அகலம் இரண்டு மில்லிமீட்டரைத் தாண்டவில்லை, வருஷா வருஷம் அதே அளவுக்கே திரும்புகிறது, அதிகமாகவில்லை. அது கடைசி விஷயம் எப்படித் தெரிந்தது? காலண்டரில் ஒரு இடத்தில்கூட "ரெண்டு ரூவா சேத்துப் போகுது" என்று இல்லை. பிறகுதான் இரண்டு பேரும் சொன்னார்கள்: விழாது, ஆனால் அசைந்துகொண்டே இருக்கும்.

வேலையை வெளியிலிருந்து ஆரம்பித்தோம். உள்ளே ஒரு கரண்டி சாந்துகூட ஆறு மாதத்துக்குத் தொடலை. முதலில் பாத்ரூம் தண்ணீரைக் குழாய் போட்டுச் சுவரிலிருந்து பத்தடி தள்ளிக் கொண்டுபோனோம். வீட்டைச் சுற்றி மூன்றடி அகலத்துக்கு மேலாக இருந்த கரிசலை வெட்டி எடுத்து, கிராவல் கொட்டி இடித்து, அதன்மேல் வெளிப்பக்கம் சரிவாகக் கான்கிரீட் தளம் போட்டோம். சுவரின் காலடி மண் ஒரேயடியாக ஊறாமல், ஒரேயடியாகக் காயாமல் இருப்பதுதான் குறிக்கோள். வேப்ப மரத்தை வெட்டிடலாம் என்று நான் சொன்னேன். வேண்டாம் என்றார் இன்ஜினியர். இவ்வளவு நாள் மரம் உறிஞ்சிய தண்ணீர் திடீரென்று மண்ணிலேயே தங்கினால், காய்ந்து கிடந்த மண் உப்பி சுவரைத் தூக்கும். கிளையைக் கழித்துவிட்டால் போதும் என்றார். அம்மாவுக்கு அதில் ரொம்ப சந்தோஷம். அவங்க அந்த மரத்தடியில்தான் பாத்திரம் கழுவுவாங்க.

அந்த டிசம்பர் 17, 18-ல் தென்மாவட்டங்களில் பெய்த மழை ஞாபகம் இருக்கும். தூத்துக்குடி, திருநெல்வேலி பட்ட பாட்டோடு ஒப்பிட்டால் எங்க பக்கம் தப்பித்தது. ஆனாலும் நல்ல மழை. சுவர்க் காலடியில் தண்ணீர் நிற்கலை. அது போதும்.

உள்வேலையை 2024 மார்ச்சில் எடுத்தோம். ஏன் மார்ச்? வெடிப்பு முழுசா மூடியும் இருக்கக் கூடாது, முழுசா திறந்தும் இருக்கக் கூடாது. நடு அளவில் இருக்கும்போது நிரப்பினால், அடைப்பு இரண்டு பக்கமும் கொஞ்சம் கொஞ்சம்தான் அசையணும்.

என் டேப், காம்பவுண்ட், ஈரத்தில் பொரிந்த பூச்சு எல்லாத்தையும் செங்கல் வரைக்கும் கொத்தி எடுத்தார்கள். சுத்தியலின் பின்பக்கத்தால் தட்டிக்கொண்டே போனார் அண்ணாச்சி. கெட்டியான சத்தம் வரும் இடத்தில் நின்றார். பொள்ளலாகச் சத்தம் வந்த இடமெல்லாம் வந்துவிட்டது. ஜன்னலின் கீழ் மூலையிலிருந்து சாய்வாக ஓடிய இன்னொரு சின்ன வெடிப்பைத் தைத்தார்கள். தையல் என்றால் நிஜமாகவே தையல். நாலைந்து வரிசைக்கு ஒன்றாகச் செங்கல் இடைச் சாந்தைக் கட்டிங் மிஷினால் கீறி, வெடிப்புக்கு இரண்டு பக்கமும் ஒன்றரை அடி போகிற மாதிரி துருப்பிடிக்காத கம்பி வைத்து, சுருங்காத கலவையால் அடைத்தார்கள். அதன்மேல் கோழி வலை அடித்து இரண்டு பூச்சு. ஏழு நாள் தண்ணீர். அந்தப் பூச்சு நன்றாகக் காய ஒரு மாதம் விட்டுத்தான் பட்டி. அம்மா மூன்று வேளையும் தண்ணீர் தெளித்தாங்க, சைட்டில் எந்த வாட்ச்மேனும் அப்படித் தெளித்து நான் பார்த்ததில்லை.

மூலையையும் அதேபோல் தைத்துடலாம் என்றேன். அண்ணாச்சி தலையை ஆட்டினார். அங்கே இருப்பது இரண்டு சுவர், இரண்டு அஸ்திவாரம். கட்டிப் போட்டால் பலவீனமான இடத்தைப் பார்த்து வேறு எங்கேயோ கிழியும். அதனால் அந்த மூலையில் மேலிருந்து கீழே எட்டு மில்லிமீட்டர் அகலத்துக்கு நேராக ஒரு காடி வெட்டினோம். உள்ளே நுரைக் கயிறு அழுத்தி, மேலே பெயின்ட் ஏறுகிற, இழுபடுகிற சீலன்ட் அடைத்தோம். அதை மறைக்க ஒரு மெல்லிய தேக்கு ரீப்பர். ரீப்பரை ஒரு பக்கச் சுவரில் மட்டும் ஸ்க்ரூ போட்டோம். இரண்டு பக்கமும் அடித்தால் ரீப்பர் பிளக்கும் என்பதை இப்போ உங்களுக்கே சொல்லத் தெரியும்.

பார்க்க எப்படி இருக்கிறது? மூலையில் ஒரு மரப்பட்டை இருக்கிறது என்று தெரியும். என் பொங்கல் வேலையைப் போல மாயமாக மறையலை. ஆபீஸ் குரூப்பில் போடலை.

உங்களுக்கான பகுதி. நகரத்து அபார்ட்மெண்டில் இருப்பவர்களும் இதையே செய்யலாம். விரிசலின் இரண்டு நுனியிலும் பென்சில் கோடு, தேதி. நடுவில் இரண்டு பக்கமும் ஒவ்வொரு புள்ளி வைத்து ஸ்கேலால் அளந்து எழுதுங்க. மாதம் ஒருதரம், பக்கத்தில் ஒரு காசை வைத்து போட்டோ. கொத்தனார்கள் கண்ணாடித் துண்டு ஒன்றை விரிசலின் குறுக்கே ஒட்டி வைப்பார்கள், சுவர் அசைந்தால் கண்ணாடி உடையும். அதுவும் நல்ல வழிதான். ஒரு கோடையும் ஒரு மழையும் பார்த்தால் முழுக்கதை தெரியும். அவ்வளவு பொறுமை இல்லையென்றால் மூன்று மாதமாவது. தூணும் செங்கல் சுவரும் சேருகிற நேர்கோட்டில் வந்தால் அங்கே பூச்சுக்குள் வலை வைக்காமல் விட்டிருப்பார்கள், பயப்பட வேண்டாம். ஆனால் ஐந்து மில்லிமீட்டரைத் தாண்டினாலோ, மாதா மாதம் ஒரே திசையில் வளர்ந்தாலோ, கதவு திடீரென்று சாத்த மாட்டேன் என்றாலோ, தூணிலும் பீமிலும் கம்பி போகிற வழியிலேயே கோடு விழுந்து துரு கசிந்தாலோ, யூடியூபையும் என்னையும் மூடி வைத்துவிட்டு ஒரு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரைக் கூப்பிடுங்க. அண்ணன், தம்பி யாராவது கரிசல் காட்டில் புதுசா வீடு கட்டப் போறாங்க என்றால், ரூர்க்கியில் இருக்கும் மத்திய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் இந்த மண்ணுக்கென்றே உருவாக்கிய ஒரு பைல் அஸ்திவாரம் இருக்கிறது. ஈரம் மாறாத ஆழம் வரைக்கும் இறங்கி, அடியில் பல்பு மாதிரி விரிந்திருக்கும். அதைப் பற்றி இன்ஜினியரிடம் கேட்கச் சொல்லுங்க. கட்டின பிறகு கேட்டால் ரீப்பர்தான்.

அம்மா? ரீப்பர் போட்டு இரண்டு மாதம் கழித்துத்தான் பின் ரூமில் கட்டில் போட்டாங்க. அதுவும் அந்த மூலைக்கு எதிர்ச் சுவரில், கதவுப் பக்கமாக. ஆலைப் பக்கம் சத்தம் கேட்டால் இப்போதும் எழுந்து வாசலுக்கு வருவாங்க. அதுக்கு என்னிடமும் அண்ணாச்சியிடமும் மருந்து இல்லை.

காசு செருகுகிற வேலையும் நிற்கலை. இந்த மே மாதம் ஒரு வாய்ஸ் மெசேஜ் வந்தது. "கட்டைக்கு ஓரமா வச்சுப் பாத்தேன். ரூவா போகலம்மா. எட்டணா போகுமோ என்னமோ. இப்ப எட்டணாவுக்கு எங்க போறது?"

வீட்டில் பழைய எட்டணா இருக்கிறதா என்று தேடிக்கொண்டிருக்கிறேன். யாரிடமாவது இருந்தால் எழுதுங்க. அடுத்த அத்தியாயத்தில் பாத்ரூம் டைல்ஸ் இடைவெளி பற்றிப் பேசலாம்.